கோழியிடம் கற்ற பாடம்

நாமக்கல், ராசிபுரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீடுகளில் 'கம்போரோ' என்று சொல்லிப் பாருங்கள், பதறிப் போவார்கள். குஞ்சுகளின் எச்சத் துவாரத்துக்கு மேலே இருக்கும் 'பர்சா' என்ற சின்னப் பையை அழிக்கும் நோய் அது.

அந்தப் பையை எடுத்துவிட்டால் கோழிக்கு நோய் எதிர்ப்புப் பொருள் சரியாக ஊறுவதில்லை என்று 1956-ல் அமெரிக்காவில் புரூஸ் கிளிக் குழுவினர் எழுதினார்கள். கோழி வளர்ப்புப் பத்திரிகையில் வந்த சங்கதிதானே என்று டாக்டர்கள் ரொம்ப நாள் சட்டை செய்யவில்லை! பர்சாவின் முதல் எழுத்துதான் 'பி செல்' ஆயிற்று. நமக்குப் பை கிடையாது. எலும்பு மஜ்ஜையில் பி செல் பிறக்கிறது.

பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டதும் எதிர்ப்புப் பொருளைச் செய்வது இந்த பி செல்தான். அதற்கான ஜீன் தோலிலும் உண்டு, ஈரலிலும் உண்டு. அங்கே ஏன் சும்மா கிடக்கு? அந்த ஜீனுக்குள்ளேயே, தானாக எதையும் தயாரிக்காத ஒரு டி.என்.ஏ. துண்டு இருக்கிறது, ஸ்விட்ச் மாதிரி. பி செல்லில் உள்ள சில புரதங்கள் அதில் வந்து உட்கார்ந்தால்தான் வேலை ஜரூராக நடக்கும். 1983-ல் டோனேகாவா குழு உள்பட சிலர் இதைக் கண்டுபிடித்தார்கள். பெயர் 'என்ஹான்ஸர்'.

செல்லைப் பெருகச் செய்யும் 'மிக்' என்ற ஜீன், குரோமோசோம் முறிந்து இந்த ஸ்விட்ச் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டால் வந்தது வினை. பி செல் ஓயாமல் பெருகும். அதுதான் பர்க்கிட் லிம்போமா. குழந்தையின் வயிற்றிலோ தாடையிலோ கிடுகிடுவென வளரும் கட்டி. தாடை வீக்கமெல்லாம் இதுவாகிவிடாது, பயப்படாதீங்க. ஆனால் வீக்கம் நாளுக்கு நாள் பெரிதானால் 'பொன்னுக்கு வீங்கிதான்' என்று வேப்பிலை அரைத்துப் போட்டு நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்துத் தீவிர மருந்து கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகிறார்கள்.