உங்களுக்குத் தெரியுமா? ஒரே கேள்வி, வேறு வேறு பதில்

[1, 2] == [1, 2] என்று பைத்தான் நிரல்மொழியில் கேட்டால் ‘உண்மை’ என்று பதில் வரும். அதே வரிக்கு ஜாவாஸ்கிரிப்ட் சொல்வது ‘பொய்’. பைத்தான் பட்டியலுக்குள் இருக்கும் எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டோ இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருள்தானா என்று மட்டும் பார்க்கிறது.

ஜாவாவில் நடப்பது இன்னும் வியப்பு. இரண்டு ‘இன்டிஜர்’ மாறிகளில் 127 என்று எழுதி == போட்டால் சமம் என்கிறது. 128 என்று எழுதினால் பொதுவாகச் சமமில்லை என்கிறது! -128 முதல் 127 வரையிலான எண்களுக்கு ஜாவா பொருள்களை முன்பே உருவாக்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் அவற்றையே எடுத்துக் கொடுப்பதுதான் காரணம். சின்ன எண்களை வைத்தே சோதித்துப் பார்ப்பவர் கண்ணில் இந்தப் பிழை படவே படாது.

பைத்தானிலும் ஒரு புதிர் உண்டு. ‘எண் அல்ல’ என்பதைக் குறிக்கும் ‘நான்’ மதிப்பு தனக்குத்தானே சமமில்லை. ஆனால் அதே ‘நான்’ பொருளை இரண்டு பட்டியல்களில் வைத்தால், பட்டியல்கள் சமம்! உறுப்புகள் ஒரே பொருளாக இருந்தால் பைத்தான் மேற்கொண்டு ஒப்பிடுவதில்லை.

கோ மொழியில் பட்டியல் போன்ற இரண்டு ‘ஸ்லைஸ்’களை == கொண்டு ஒப்பிட்டால் நிரல் தொகுக்கப்படாது. தவறான பதில் தருவதைவிட மறுப்பது மேல். இவற்றில் நேர்மையான முடிவு இதுதான். புதிய மொழி கற்கத் தொடங்கினால் முதல் நாளே இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.