வைஃபைக் கருவியின் இரண்டு சாவிகள்

இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டத்தில், மூணாற்றிலிருந்து குமுளிக்குச் செல்லும் மலைச்சாலையில் அமைந்துள்ளது சாந்தன்பாறை. ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த இவ்வூரின் கள்ளிப்பாறைக் குன்றில் 2022ஆம் ஆண்டு நீலக்குறிஞ்சி பூத்தபோது, தொலைவிலிருந்தெல்லாம் மக்கள் வந்து கண்டு சென்றனர். தேனி மாவட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்களும், போடிமெட்டு வழியே அன்றாடம் ஜீப்பில் வந்து திரும்புகிறவர்களுமாகத் தமிழ் மக்கள் பலர் இத்தோட்டங்களில் உழைத்து வருகின்றனர்.

இத்தகைய மலையூர்களுக்கும் இன்று இணையம் வந்துவிட்டது. 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பெறும் உரிமை கல்வி உரிமையுடனும் அந்தரங்க உரிமையுடனும் இணைந்தது என்று தீர்ப்பளித்தது. 2023 ஜூன் 5ஆம் நாள் கேரள அரசு, மின்கம்பங்களின் வழியாகவே கண்ணாடி இழைகளைக் கொண்டுசெல்லும் கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. தனியார் நிறுவனங்களும் உள்ளூர்க் கேபிள்காரர்களும் இணைப்புத் தருகின்றனர். பிள்ளைகளின் பாடம், ஊருக்கு அனுப்பும் பணம், புத்தடியிலும் போடிநாயக்கனூரிலும் நடைபெறும் மின்னணு ஏலத்தில் ஏலக்காய்க்குக் கிடைத்த விலை ஆகிய யாவும் இன்று அலமாரியின் மேலுள்ள ஒரு சிறு பெட்டியின் வழியே வீட்டுக்குள் வருகின்றன. ரவுட்டர் என்றும், மோடம் என்றும், பொதுவாக வைஃபைப் பெட்டி என்றும் நாம் வழங்குவது இதனைத்தான்.

இப்பெட்டி வீட்டுக்கு வரும் விதத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். இணைப்புக் கொடுக்க வருபவர் மலையாளம் பேசுகிறார். பெட்டியுடன் வரும் தாள் ஆங்கிலத்தில் உள்ளது. அவரே ஒரு பெயரையும் கடவுச்சொல்லையும் அமைத்து, நம் கைப்பேசியில் அதனைப் பதிந்துகொடுத்து, விளக்குகள் எரிவதைக் காட்டிவிட்டுப் புறப்படுகிறார். சாந்தன்பாறையில் மட்டுமன்று, தில்லியில் இந்தி பேசுபவரும், பெங்களூரில் கன்னடம் பேசுபவரும் வந்து அமைத்துச் செல்லும் தமிழ்க் குடும்பங்களின் நிலையும் இதுவே. புது வீட்டுக்குக் கதவு போட்ட தச்சரிடமே சாவியை விட்டுவைப்பவர் எவரும் இலர். ஆனால் இக்கருவியைப் பொறுத்தவரை நம்மில் பலர் அதனையே செய்கிறோம். ஏனெனில் இதற்குச் சாவிகள் இரண்டு என்பதை எவரும் நமக்குச் சொல்வதில்லை.

வைஃபை என்பது வானொலியின் நெருங்கிய உறவு. நம் வீட்டு வானொலிப் பெட்டி அலைகளைப் பெறுவதோடு நின்றுவிடும்; வைஃபைக் கருவியோ அலைகளை அனுப்பவும் செய்கிறது. ஆகையால் இது வீட்டுக்குள் இயங்கும் ஒரு குட்டி வானொலி நிலையமே எனலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த திறனில் இவ்வாறு உரிமமின்றிப் பயன்படுத்த இந்திய அரசு 2005ஆம் ஆண்டில் விதி வகுத்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் 2018இல் இவ்வசதி விரிவாக்கப்பட்டது. முன்னது சுவர்களைக் கடந்து தூரம் செல்லும். பின்னது விரைவு மிக்கது, ஆனால் எட்டும் தூரம் குறைவு.

அலைகளுக்கு நம் வீடு, அடுத்த வீடு என்ற வேறுபாடு தெரியாது. வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட லயங்களில் ஒரு வீட்டுக் கருவியின் அலை, நடுச்சுவரைத் தாண்டி இருபுறமும் உள்ள வீடுகளுக்கும் முற்றத்துக்கும் செல்கிறது. அலையைத் தடுத்து நிறுத்துவது நம்மால் ஆகாது. அலையில் செல்லும் செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கலாம். இன்னார்தாம் சேரலாம் என்று வரையறுக்கலாம். பாதுகாப்பு என்பது இவ்விரண்டுமே.

இனி அவ்விரு சாவிகளைப் பார்ப்போம். முதலாவது, கைப்பேசியையோ தொலைக்காட்சியையோ இணையத்தில் சேர்க்க நாம் பதியும் வைஃபைக் கடவுச்சொல். இது வாசற்கதவின் சாவி. இதனை யாவரும் அறிவர். இரண்டாவது, கருவியின் அமைப்புகளையே மாற்றும் அதிகாரத்தைத் தரும் நிர்வாகக் கடவுச்சொல். இது பூட்டையே மாற்றவல்ல சாவி. தொழிற்சாலையிலிருந்து வரும்போது பல கருவிகளில் இச்சொல் 'அட்மின்' என்றே இருந்துவந்துள்ளது. அதனை மாற்றாமல் விட்டால், அக்கருவியின் மாதிரியை அறிந்த எவருக்கும் நம் சாவி தெரிந்ததாகும்.

இதனால் விளையும் தீங்கு கற்பனையன்று. 2016ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் தீநிரல், ஏறத்தாழ 60 பயனர்பெயர்–கடவுச்சொல் இணைகளை மட்டும் வைத்துக்கொண்டு, உலகெங்கும் வீடுகளில் இருந்த ரவுட்டர்களையும் கண்காணிப்புக் காமிராக்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவை யாவும் தொழிற்சாலையில் இட்டு, பின்னர் மாற்றப்படாத சொற்கள். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அக்கருவிகளையெல்லாம் ஒருசேர ஏவியதால் பெரிய இணையத்தளங்கள் பல சில மணி நேரம் முடங்கின. கருவிகளின் சொந்தக்காரர்களோ ஒன்றும் அறியாதிருந்தனர். 2017 ஜூலையில் நம் நாட்டிலும் பி.எஸ்.என்.எல். அகலக்கற்றை மோடம்களை ஒரு தீநிரல் தாக்கியது. கடவுச்சொல் மாற்றப்படாத மோடம்களே அதற்கு இரையாயின. அதனை உடனே மாற்றுமாறு அந்நிறுவனம் வாடிக்கையாளரைக் கேட்டுக்கொண்டது.

வாசற்சாவியே இல்லாமல் விட்டதால் நேர்ந்ததும் உண்டு. 2008 ஜூலை 26ஆம் நாள் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஒரு மின்னஞ்சல் வந்தது. காவல்துறையினர் தடம் பிடித்துச் சென்றபோது, அது நவி மும்பையின் சான்பாடாவில் ஓர் அடுக்குமாடி வீட்டின் இணைப்பிலிருந்து சென்றிருந்தது. அங்குக் குடியிருந்தவருக்கும் அச்செயலுக்கும் தொடர்பில்லை. அவருடைய வைஃபை பூட்டப்படாமல் இருந்ததே காரணம். ஆயினும் விசாரணைக்கு உள்ளானவர் அவரே. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக அமைக்கும்படி இணையச் சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. வேற்று மாநிலத்தில், வேற்றுமொழி பேசும் காவல் நிலையத்தில், "இது நான் அனுப்பியதன்று" என்று விளக்கவேண்டிய நிலை நம்மவருக்கு எத்துணை இடர்ப்பாடு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செய்யவேண்டியதோ ஒரு மணி நேர வேலையே. பெட்டியின் அடியிலோ பின்புறத்திலோ ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அதில் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ ஓர் எண்முகவரியும், பயனர்பெயரும், நிர்வாகக் கடவுச்சொல்லும் காணப்படும். கைப்பேசியை வைஃபையில் இணைத்து, இணைய உலாவியில் அவ்வெண்ணைப் பதிந்தால் கருவியின் பக்கம் திறக்கும். சில நிறுவனங்கள் இதற்கெனத் தனிச் செயலி தருகின்றன. சீட்டிலுள்ள சொல் பொருந்தாவிட்டால், நிறுவியவரிடம் கேட்டுப் பெறுவது வாடிக்கையாளர் என்ற முறையில் நமக்கு உரியதே. நிறுவ வரும் அன்றே கேட்டு எழுதிவைத்துக்கொள்வது மிக நன்று.

உள்ளே சென்றதும் முதல் வேலையாக நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுக. அடுத்து, எஸ்.எஸ்.ஐ.டி. எனக் குறிக்கப்பட்ட இடத்தில் நம் வைஃபையின் பெயர் இருக்கும். அது தெருவில் போவோருக்கும் தெரியும் பெயர். ஆகையால் குடும்பப் பெயர், வீட்டு எண், கைப்பேசி எண் ஆகியவற்றை அதில் இடலாகாது. பின்னர், 'செக்யூரிட்டி' என்ற பகுதியில் டபிள்யூ.பி.ஏ. 3 என்பதைத் தேர்க. பழைய கைப்பேசிகள் அதனை ஏற்கவில்லையெனில் டபிள்யூ.பி.ஏ. 2, ஏ.இ.எஸ். என்பதைத் தேர்க. டபிள்யூ.இ.பி. என்ற பழைய முறை 2001ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டது. அதனை எக்காலத்தும் தேர்ந்தெடுக்கலாகாது.

வைஃபைக் கடவுச்சொல்லாகக் கைப்பேசி எண்ணையே வைக்கும் பழக்கம் நம்மவரிடையே மிகுதி. இதிலுள்ள குறை யாதெனில், நம் கைப்பேசி கருவியுடன் இணையும்போது நிகழும் தொடக்க உரையாடலை அருகிலிருந்து பதிவுசெய்துகொள்ளும் ஒருவர், பின்னர் தம் இடத்தில் அமர்ந்தபடியே கணிப்பொறியைக் கொண்டு ஒவ்வோர் எண்ணாகப் பொருத்திப் பார்க்கலாம். டபிள்யூ.பி.ஏ. 2 முறையில் இதற்கு இடமுண்டு. 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்திலக்க எண்கள் 400 கோடிதாம். மனிதருக்கு இது பெருந்தொகை. திறன்மிக்க கணிப்பொறிக்கோ சில மணி நேர வேலை. ஆகையால் நீளமே பாதுகாப்பு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் சேர்த்து எழுதினால், இருபது எழுத்துக்கு மேற்பட்ட, நமக்கு மறவாத, பிறருக்கு எட்டாத கடவுச்சொல் கிடைக்கும். திரைப்பாடலின் தொடக்கம், பழமொழி, பிள்ளையின் பெயர், பிறந்த நாள் ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். அவையே முதலில் முயலப்படுபவை.

மேலும் மூன்று சிறு வேலைகள் உண்டு. டபிள்யூ.பி.எஸ். என்னும் எளிய இணைப்பு வசதியை அணைத்துவிடுக. அதன் எட்டிலக்க எண் இரு பாதியாகச் சரிபார்க்கப்படுவதால், 11,000 முயற்சிகளுக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011இல் வெளிப்பட்டது. 'ரிமோட் மேனேஜ்மென்ட்' எனப்படும் தொலைநிர்வாக வசதியையும், நிறுவனத்தார் அதனைத் தம் பணிக்காக வைத்திருந்தாலன்றி, அணைத்துவைக்கவேண்டும். இறுதியாக, 'ஃபர்ம்வேர்' என்னும் உள்நிரலைத் தானே புதுப்பித்துக்கொள்ளுமாறு அமைக்கவேண்டும்.

இங்கு ஓர் ஐயம் எழும். லயத்தில் ஒரு வீட்டில் இணைப்பு இருந்தால் நாலு வீட்டுப் பிள்ளைகள் அங்கு வந்து படிப்பது நம் வழக்கம். பூட்டுப் போடச் சொல்வது அண்டை வீட்டாரை நம்பாதிருக்கச் சொல்வதாகாதா? ஆகாது. இதற்கெனவே பெரும்பாலான கருவிகளில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்னும் விருந்தினர் வலை உள்ளது. வேறு பெயரும் வேறு கடவுச்சொல்லும் கொண்ட இவ்வலையில் சேர்ந்தவர் இணையத்தைப் பயன்படுத்தலாம். நம் வீட்டுக் கணிப்பொறியையோ காமிராவையோ அணுக இயலாது. திண்ணையில் இடம் தந்து, அறைக்கதவைச் சாத்திவைப்பது போன்றது இது. ஆயினும் இணைப்பு நம் பெயரிலேயே இருப்பதால், அறிந்தவர்களுக்கு மட்டும் அச்சொல்லைத் தருவதும், அவர்கள் ஊர் மாறிச் சென்றால் அதனை மாற்றுவதும் முறை. இணைந்துள்ள கருவிகளின் பட்டியலை மாதம் ஒரு முறை பார்த்தால், அறியாத விருந்தாளி எவரேனும் உண்டா என்பது தெரிந்துவிடும்.

பெட்டியை வைக்கும் இடமும் கருதத்தக்கது. வீட்டின் நடுவில், ஆளுயரத்துக்கு மேல், இரும்புப் பீரோவுக்கும் தகரத்துக்கும் அப்பால் வைத்தால் அலை நன்கு பரவும். இடி மின்னல் மிகுந்த ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில், வானம் கறுக்கத் தொடங்கும்போதே மின்செருகியைப் பிடுங்கிவிடுக. கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, மின்கம்பி கடத்தும். மின்சாரம் நின்றால் கருவியும் நிற்கும். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மண்சரிவு தமிழ்த் தொழிலாளர் லயங்களை மூடி 70 உயிர்களைக் கொண்டது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயிருந்தமையால் அத்துயரச் செய்தி மறுநாள் காலையிலேயே வெளியுலகை எட்டியது. ரவுட்டருக்கென விற்கும் சிறு மின்கலப் பெட்டியொன்றை வாங்கி வைத்தால், நிறுவனத்தார் பக்கம் மின்சாரம் இருக்கும்வரையேனும் தொடர்பு அறாதிருக்கும்.

வீடு மாறும்போதோ கருவியைத் திருப்பித் தரும்போதோ, பின்புறத் துளையிலுள்ள 'ரீசெட்' பொத்தானை ஊசியால் பத்து விநாடி அழுத்தினால் நாம் இட்டவை யாவும் அழியும். இணைப்பைத் தொடர்ந்து பயன்படுத்துவோர் இதனைத் தாமாகச் செய்யலாகாது. நிறுவனத்தார் பதிந்த அமைப்புகளும் அழிந்து இணையமே நின்றுவிடக்கூடும்.

இவ்வளவும் செய்தாலும், தொலைபேசியில் அழைத்து ஓ.டி.பி. எண்ணைக் கேட்பவரிடமிருந்து எக்கருவியும் நம்மைக் காப்பாற்றாது. அவ்வெண்ணை எவரிடமும் சொல்லாதிருப்பதே காப்பு. அவ்வாறு பணம் இழக்க நேர்ந்தால், எம்மாநிலத்தில் இருப்பினும் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கவேண்டும். தாமதமின்றி அறிவித்தால், பணம் கைமாறுமுன் தடுத்துவைக்க வாய்ப்புண்டு.

அயலூரில் வாழும் நமக்கு ஊரோடும் உறவோடும் உள்ள தொடர்பு இப்பெட்டியின் வழியே செல்கிறது. இரண்டு சாவிகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, ரேஷன் அட்டையும் வங்கிப் புத்தகமும் இருக்கும் இடத்திலேயே வைத்து, வீட்டில் மற்றொருவருக்கும் அதனைத் தெரிவித்துவிடுவது நலம்.