ஊமையான போர்ட்டைப் பேசவைக்கும் சிகரெட் லைட்டர் பியூஸ்! தெரியுமா?

பழைய அமெரிக்க பிக்கப் டிரக் ஒன்றில் கோளாறு கண்டறியும் ஸ்கேனரைச் செருகுகிறீர்கள். ஸ்கேனரில் வெளிச்சமே வரவில்லை. வண்டியின் கம்ப்யூட்டர் போய்விட்டது என்று பதறுகிறீர்களா? பொறுங்கள்! முதலில் சிகரெட் லைட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள்!

ஆமாம், சிகரெட் லைட்டர்தான்! 1990-களின் பிற்பகுதியில் வந்த ஃபோர்டு, செவர்லே பிக்கப்களில் பலவற்றில், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் டயக்னாஸ்டிக் போர்ட்டுக்கும் சிகரெட் லைட்டருக்கும் ஒரே பியூஸ்! லைட்டர் குழிக்குள் ஒரு சில்லறைக் காசு விழுந்தால் போதும். ஷார்ட் ஆகும், பியூஸ் போகும், போர்ட் ஊமையாகும். வண்டியோ ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும்! இப்படி ஒரு பியூஸுக்காகக் கம்ப்யூட்டரையே மாற்றினால் வயிறு எரியாதா?

அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லா கார்களுக்கும் இலகு ரக டிரக்குகளுக்கும் ஓபிடி-2 என்ற டயக்னாஸ்டிக் முறை கட்டாயம். போர்ட்டில் இருப்பது 16 பின்களுக்கான இடம். ஸ்கேனருக்கு மின்சாரம் தருபவை எவை தெரியுமா? 16-ஆவது பின்னில் பேட்டரி மின்சாரம், 4-ஆவது, 5-ஆவது பின்களில் எர்த். அவ்வளவுதான்! சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டாலும் 16-ஆவது பின்னில் 12 வோல்ட் இருக்க வேண்டும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்!

ஸ்கேனரில் வெளிச்சம் வருகிறது, ஆனால் வண்டியோடு பேசமாட்டேன் என்கிறதா? அப்படியானால் பியூஸை விடுங்கள், கோளாறு வேறு இடத்தில்! இங்கேதான் பெரிய ஆச்சரியம். போர்ட்டின் வடிவம் ஒன்றுதான், உள்ளே ஓடும் மொழிகள் பல! அந்தக் காலத்து ஃபோர்டு 2-ஆவது, 10-ஆவது பின்களில் நொடிக்கு 41,600 பிட் வேகத்தில் பேசியது. ஜெனரல் மோட்டார்ஸோ 2-ஆவது பின்னில் மட்டும், 10,400 பிட் வேகத்தில்! ஆசிய, ஐரோப்பிய வண்டிகளில் பல 7-ஆவது பின்னைப் பிடித்துக்கொண்டன. 2008 மாடலில்தான் கேன் என்ற ஒரே மொழி அமெரிக்காவில் கட்டாயமானது. ஆக, பழைய வண்டியில் ஒரே ஒரு பின் வளைந்தாலோ உள்ளே போய்விட்டாலோ பேச்சு நின்றுவிடும்! டார்ச் அடித்துப் பின்களைப் பார்த்துவிட்டீர்களா?

கேன் உள்ள வண்டியா? பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, 6-ஆவது, 14-ஆவது பின்களுக்கு நடுவே ஓம் அளந்து பாருங்கள். பொதுவாக 60 ஓம் காட்ட வேண்டும்! ஏன் 60? லைனின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, பக்கவாட்டில் சேர்ந்தால் பாதி! மீட்டர் 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு வயரும் ஒன்றையொன்று தொடுகின்றன!

வெளியில் வாங்கிப் பொருத்திய ரேடியோகூட ஸ்கேனரின் வாயை அடைக்கும், தெரியுமா? பல கம்ப்யூட்டர்கள் ஒரே டேட்டா லைனில் தொங்கும்போது, கெட்டுப்போன ஒன்று லைனைப் பிடித்து இழுத்தால் மற்ற எல்லாமே மௌனம்! ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் பேச்சு திரும்புகிறதோ, அதுதான் குற்றவாளி!

இதையெல்லாம் விட அதிகம் பேரை ஏமாற்றுவது எர்த். துரு ஏறிய ஓர் எர்த் போல்ட்டில் வெறும் 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். சாதாரண மீட்டரில் அது தெரியவே தெரியாது! ஆனால் ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது அந்தப் புள்ளியிலேயே 2 வோல்ட் காணாமல் போகும்! பேட்டரி புதிது, ஸ்டார்ட்டர் புதிது, வண்டி மட்டும் முனகும். அதனால்தான் ஓமை அளக்காமல், சாவியைத் திருகும் நேரத்தில் எர்த் வயரின் இரு முனைக்கும் இடையே வோல்ட்டை அளக்க வேண்டும். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு, பளபளவென்று தேய்த்து இறுக்கினால் தீர்ந்தது. என் கணக்கில் இதைவிட மலிவான வைத்தியம் வேறு கிடையாது!

1996-க்கு முந்தைய செவர்லே பிக்கப்பா? ஸ்கேனரே வேண்டாம், ஒரு பேப்பர் கிளிப் போதும்! 12 பின் கனெக்டரில் ஏ, பி என்ற இரண்டை இணைத்து, என்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால், செக் என்ஜின் விளக்கு கண்சிமிட்டியே கோளாறைச் சொல்லும்! ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, இரண்டு சிமிட்டல்: அது கோட் 12. இது மூன்று முறை வந்தால் 'நான் விழித்திருக்கிறேன்' என்று பொருள்! பிறகுதான் உண்மையான கோளாறு எண்கள். அந்த வண்டிகள் பலவற்றில் டேட்டா வேகம் எவ்வளவு தெரியுமா? நொடிக்கு 160 பிட்! பிறகு வந்த 500,000 பிட் கேன் அதைவிட 3,125 மடங்கு வேகம்! ஒரு எச்சரிக்கை: கிளிப் வித்தையை 16 பின் போர்ட்டில் மறந்தும் செய்யாதீர்கள். அங்கே பேட்டரி மின்சாரம் எப்போதும் காத்திருக்கிறது!

இன்னும் இரண்டு சின்னக் குற்றவாளிகள் உண்டு! அணையாமல் எரியும் கிளவ் பாக்ஸ் விளக்கு ஒரு பேட்டரியைக் கொல்லுமா? கொல்லும்! 5 வாட் பல்பு இழுப்பது சுமார் 0.4 ஆம்பியர். 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஏறக்குறைய 6 நாளில் காலி!

இரண்டாவது குற்றவாளி எலி! வயரைக் கடிக்கிறதா? அதைத் தடுக்க, மிளகாயின் காரச் சத்தான கேப்சைசின் கலந்த டேப்பையே ஹோண்டா விற்கிறது!

அதனால் அடுத்த முறை யாராவது "கம்ப்யூட்டரை மாத்தணும்" என்று சொன்னால், சரி என்று தலையாட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: பியூஸைப் பார்த்தீர்களா? எர்த்தை அளந்தீர்களா? பின்கள் நேராக இருக்கின்றனவா? மூன்றுக்கும் பதில் வந்த பிறகு பணத்தை எடுங்கள்!