பேய்க்கதைக்கும் ஒரு பேராசிரியர் வேண்டும்

பீகாரின் தர்பங்காவில் 1923இல் பிறந்த தேவேந்திர பிரசாத் வர்மா, இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1963 முதல் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். அவர் தேர்ந்துகொண்ட துறை ‘கோதிக்’ எனப்படும் அச்சக் கதைகள். பாழடைந்த கோட்டை, மூடிக் கிடக்கும் அறை, இரவில் எழுந்து வரும் ரத்தக் காட்டேரி ஆகியவைதான் அவருடைய ஆராய்ச்சிப் பொருள். இதற்கெல்லாம் ஒரு பேராசிரியர் தேவையா என்று நம்மில் பலர் கேட்போம். தேவைதான். மக்கள் விரும்பிப் படித்ததை அறிஞர்கள் ஒதுக்கினால், ஒரு காலத்தின் மனத்தை அறியும் வழியே அடைபட்டுப்போகும்.

1957இல் வெளியான ‘த கோதிக் ஃப்ளேம்’ நூலில் வர்மா இரண்டு அச்சங்களைப் பிரித்துக் காட்டினார். வரப்போவதை எண்ணி மனம் நடுங்குவது ஒன்று. வந்துவிட்டதைக் கண்டு உடல் கூசுவது மற்றொன்று. முன்னதில் கடவுளைத் தேடும் ஏக்கத்தின் சாயலையும் அவர் கண்டார். எழுதியதைவிட அவர் மீட்டுக் கொடுத்தது பெரிது. ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் ஒரு நாவலில் பெயர் சொல்லிப் போன ஏழு அச்ச நாவல்களும் 1968இல் அவருடைய பதிப்பில் மறு அச்சு கண்டன. லண்டனில் 1840களில் ஒரு பென்னி விலையில் வாரந்தோறும் வெளிவந்த காட்டேரித் தொடர்கதை ‘வார்னி’. படித்ததும் தூக்கி எறியப்பட்டதால் மிக அரிதாகிப்போன அந்தக் கதையையும் அவர் பதிப்பித்தார். 1897இல் வெளியான காட்டேரி நாவல் ‘டிராகுலா’ எந்த மண்ணில் முளைத்தது என்பதை இன்றைய மாணவர் அறிய, இப்படிப்பட்ட மறுபதிப்புகளே கைகொடுக்கின்றன.

இந்த அச்சக் கதைகள் இலக்கியமே இல்லை என்பார்கள். தமிழ் படித்தவர் அப்படிச் சொல்வது பொருந்தாது. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்துக் காளிக்குப் படைக்கின்றன. அதைப் பாடிய செயங்கொண்டாரை நாம் ஒதுக்கவில்லை. காரைக்கால் அம்மையார் தம்மைப் பேயென்றே பாடிக்கொண்டார். ஆராய்ச்சி மூடநம்பிக்கையை வளர்க்காதா என்பது அடுத்த கேள்வி. பேயை நம்புவது வேறு, பேயை ஏன் நம்பினோம் என்று ஆராய்வது வேறு. மூடநம்பிக்கையை ஒழிக்க நினைப்பவருக்கும் இந்த ஆராய்ச்சி உதவும். வர்மாவின் எல்லா முடிவுகளும் நிலைத்துவிடவில்லை என்பதும் உண்மை. காட்டேரி நம்பிக்கை இந்தியா, நேபாளம், திபெத் பக்கமிருந்து வணிக வழிகளில் மேற்கே சென்றது என்றார். நம் வேதாளக் கதைகள் பழையவை. ரிச்சர்ட் பர்ட்டன் அவற்றை 1870இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனதும் உறுதி. ஆனால் கிழக்கு ஐரோப்பியக் காட்டேரிக்கு வேதாளமே மூலம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஒரு கருதுகோள் தளர்வதால், அவர் மீட்ட நூல்களின் பயன் குறைந்துவிடாது.

தமிழிலும் இந்த மீட்பு வேலை காத்திருக்கிறது. ‘வார்னி’ வெளிவந்த அதே மலிவுப் பதிப்புலகில் கொடிகட்டிப் பறந்தவர் ஆங்கில நாவலாசிரியர் ரெனால்ட்ஸ். அவருடைய நாவல்களைத் தழுவி ஆரணி குப்புசாமி முதலியார் தமிழில் எழுதிக் குவித்தார். அவருக்குப் பின் துப்பறியும் கதைகளும் பேய்க்கதைகளும் மலிவு விலை மாத நாவல்களாகப் பெட்டிக்கடைகளில் தொங்கின. அவை மட்டமான தாளில் அச்சானவை, எளிதில் உதிர்ந்துவிடும். தரமான நூல்களைக் காக்கவே பணம் போதவில்லையே என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் செவ்வியல் நூல்களுக்குப் பல பதிப்புகள் உண்டு. மாத நாவல்கள் பலவற்றுக்கு அந்த ஒரு பதிப்புதான். எடுத்துக்காட்டாக, பெங்களூரு அல்சூரில், ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் இருக்கின்றன. தலைமுறைகளாகத் தமிழர் வாழும் அந்தப் பகுதியின் வீடுகளில் இத்தகைய பழைய நாவல்கள் கிடக்கக்கூடும். அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாமல் நூலகத்துக்குக் கொடுங்கள். நூலகங்களும் அவற்றுக்கு ஓர் அலமாரி ஒதுக்கட்டும்.