துருத்தி பேசும் எல்லைப்புற இசை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தையும் மெக்சிகோவையும் பிரித்து ஓடுவது ரியோ கிராண்டி ஆறு. எல்லைக்கோடு ஆற்றில் இருந்தாலும், இசை அக்கோட்டை மதித்ததில்லை. வடகரையில் கொன்ஹுண்டோ என்றும் தென்கரையில் நோர்தெஞோ என்றும் வழங்கும் நாட்டுப்புற இசைகள் நெருங்கிய உடன்பிறப்புகள். இரண்டிலும் தலைமைக் கருவி, பொத்தான்கள் கொண்ட சிறிய அக்கார்டியன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெக்சாசில் குடியேறிய ஜெர்மானியர், செக் மக்கள் ஆகியோரின் போல்கா நடனமும் இக்கருவியும், பருத்திக் காடுகளில் கூலிவேலை செய்த மெக்சிகோ வழியினரின் கைக்கு வந்து சேர்ந்தன.

முதன்முறை கேட்பவருக்கு எல்லாப் பாட்டும் ஒன்றுபோல் துள்ளுவதாகத் தோன்றலாம். ஆனால் கருவிக்குள் நடப்பதை அறிந்துகொண்டு மேடையருகே நின்று கேட்டால், அதே இசை வேறாகக் கேட்கும். அக்கருவியைச் சற்றுத் திறந்து பார்ப்போமா?

நம் ஆர்மோனியத்தின் உள்ளே மெல்லிய உலோக நாக்குகள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இவற்றை ரீடு என்கிறோம். அக்கார்டியனிலும் உள்ளவை இவையே. ஒரு தகட்டில் நீளமான பிளவு. அதன் மேல் ஒரு முனை மட்டும் அறையப்பட்ட நாக்கு. காற்றழுத்தம் நாக்கைப் பிளவுக்குள் தள்ளுகிறது. வழி அடைபடுவதால் காற்றோட்டம் குறைகிறது. நாக்கு தன் மீள்விசையால் திரும்புகிறது. மறுபடி காற்று தள்ளுகிறது. விநாடிக்கு 440 முறை இவ்வாறு நடந்தால், 440 அதிர்வெண் கொண்ட சுரம் பிறக்கும். நாம் கேட்பது பெரும்பாலும் நாக்கின் ஒலியன்று. துண்டு துண்டாக நறுக்கப்பட்ட காற்றின் ஒலி. நாக்கின் நுனியைச் சுரண்டினால் எடை குறைந்து சுருதி ஏறும். அடியைச் சுரண்டினால் விறைப்புக் குறைந்து சுருதி இறங்கும்.

ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஒரு சுரம். பொத்தான் அக்கார்டியனில் அப்படியன்று. துருத்தியை அமுக்கும்போது ஒரு சுரமும், இழுக்கும்போது வேறொரு சுரமும் அதே பொத்தானிலிருந்து வரும். ஒரு வரிசையின் நடுப்பகுதியில் அமுக்கினால் ச, க, ப. இழுத்தால் ரி, ம, த, நி. ஆகவே அந்த ஒரே வரிசையில் ச, ரி, க, ம என்று ஏறவேண்டுமானால் அமுக்கு, இழு, அமுக்கு, இழு என்று கை ஓயாமல் திசை மாற்ற வேண்டும். திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஒலியில் ஒரு வெட்டு விழுகிறது. கொன்ஹுண்டோவின் துள்ளல் பெரிதும் இந்த வெட்டில்தான் இருக்கிறது! மூன்று வரிசை கொண்ட கருவிகளில் ஒரே சுரம் வேறொரு வரிசையில் எதிர்த்திசையிலும் கிடைப்பதுண்டு. தேர்ந்த கலைஞர் வரிசை தாவி, வெட்டு வேண்டாத இடத்தில் சுரங்களை வழுக்கிச் செல்ல விடுகிறார். இதை ஒலித்தட்டில் ஊகிக்கத்தான் முடியும். நேரில் கண்ணால் காணலாம்.

இன்னொன்றையும் காதுகொடுத்துக் கேளுங்கள். பல அக்கார்டியன்களில் ஒரு சுரத்துக்கு இரண்டு நாக்குகள் சேர்ந்து ஒலிக்கும். ஒன்று 440, மற்றது 443 என்று வைத்தால், ஒலி விநாடிக்கு மூன்று முறை ஏறி இறங்கும். பாடநூலில் விம்மல்கள் என்று படிப்பது இதைத்தான். வலேரியோ லொங்கோரியா என்னும் கலைஞர், இரட்டை நாக்குகளில் ஒன்றை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி அமைத்து, கரகரப்பான கனத்த ஒலியைப் பெற்றார். அவர் படித்த சோதனைச்சாலை நடனக்கூடம்தான்.

ஆயினும் இவ்விசையை உருவாக்கிய பெரிய முடிவு வேறொருவருடையது. 1911-இல் ரெய்னோசாவில் பிறந்த நர்சீசோ மார்ட்டினெஸ், 1930-களின் நடுவில் தம் அக்கார்டியனின் இடப்பக்கத்து மந்தர சுரப் பொத்தான்களை ஏறக்குறையக் கைவிட்டார். மந்தர ரீடுகள் காற்றை மிகுதியாகக் குடிப்பவை. அவற்றை விலக்கினால் துருத்தியின் காற்று முழுவதும் வலக்கை மெட்டுக்குக் கிடைக்கிறது, மெட்டும் கூர்மையாகிறது. மந்தரத்தையும் தாளத்தையும் உடன் வாசித்த சாண்டியாகோ அல்மெய்டா, பாஹோ செஸ்தோவில் ஏற்றுக்கொண்டார். இது ஆறு இரட்டைகளாகப் பன்னிரண்டு தந்திகள் கொண்டு, கிதாரினும் தாழ்ந்து ஒலிக்கும் மெக்சிகோக் கருவி. ஐரோப்பிய நாக்கும் மெக்சிகோத் தந்தியும் வேலையைப் பங்கிட்டுக்கொண்ட இடம் இதுவே.

வசதி படைத்த மெக்சிகோ-அமெரிக்கர் பலர் இதைக் கூலிக்காரர் இசை என்று ஒதுக்கினர். 'பள்ளத்தாக்கின் சூறாவளி' என்று பெயர் பெற்ற மார்ட்டினெசுக்கும் இசை மட்டும் சோறு போடவில்லை. வயல்வேலை செய்தார், லாரி ஓட்டினார், பின்னாளில் பிரௌன்ஸ்வில் விலங்குக் காட்சிசாலையில் பணிபுரிந்தார். அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது 1983-இல்தான் அவரைத் தேடி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலிருந்து சான் அந்தோனியோ நகரில் கொன்ஹுண்டோவுக்கென்றே விழா நடத்தப்பட்டு வருகிறது. 2025-இல் மறைந்த ஃபிளாக்கோ ஹிமேனெஸ் போன்றோர் இவ்விசையை உலக மேடைகளுக்குக் கொண்டு சென்றனர்.

இத்தகைய கச்சேரிக்குச் செல்ல வாய்த்தால், ஒலிபெருக்கி அலறும் இடத்தை விட்டு, கலைஞரின் கைகள் தெரியும் இடத்தில் நில்லுங்கள். முதல் பாட்டில் துருத்தியை மட்டும் பாருங்கள். அடுத்ததில் பாஹோ செஸ்தோவைக் கவனியுங்கள். மின்சார பாஸ் கிதார் 1950-களில் சேர்ந்தபின் அதற்கு மந்தரப் பொறுப்பு குறைந்துவிட்டது. சிலர் அடித்தந்தி இரட்டையையே நீக்கிப் பத்துத் தந்தியோடு வாசிக்கிறார்கள். மேடையில் உள்ளது எது என்று எண்ணிப் பாருங்கள்.