கடாரக் கரையில் உறுமிச் சத்தம்

அலுவலகத் தோழி ஒருத்தி சென்ற ஆண்டு அயர்லாந்துக்குத் தனியாகப் போய் வந்தாள். பகலில் கடலோரப் பாறைகள். இரவில் டூலின் கிராமத்து விடுதிகளில் பிடிலும் குழலும். மேடை கிடையாது. உள்ளூர்க்காரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்க, யாரும் கேட்கலாம். அவள் படங்களைக் காட்டக் காட்ட, எனக்கு பீடோங் பக்கத்துத் தோட்டக் கோயில் திடல்தான் நினைவுக்கு வந்தது. கடலும் அருகிலேயே இருக்கிறதே!

ஒரு சனிக்கிழமை காலை கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறினேன். தோளில் ஒரு பை. கையில், பழைய சேலையில் சுற்றிய அப்பாவின் உறுமி.

அப்பா பால்மரம் சீவியவர். திருவிழா வந்தால் தோட்டத்து மேளக் குழுவில் உறுமி வாசிப்பார். பால்மரம் போய்ச் செம்பனை வந்ததும் நாங்கள் கோலாலம்பூர் அடுக்குமாடிக்கு வந்தோம். உறுமி அலமாரி மேல் ஏறியது. தொட ஆசைப்பட்டால், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா?" என்பார். அவர் காலமாகி ஒரு வருடம். வாசிப்பவர் கையில் அதைச் சேர்த்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

சுங்கை பட்டாணியில் இறங்கி, பீடோங், செமெலிங் வழியாக மெர்போக் போனேன். லெம்பா பூஜாங் அருங்காட்சியகத்தின் பின்னே, ஜெராய் மலையடிவார ஓடைக்கருகில் புக்கிட் பத்து பஹாட் சண்டி நிற்கிறது. கருங்கல் அடித்தளம், தூண்கள் இருந்த குழிகள். 1025-ஆம் ஆண்டளவில் ராஜேந்திர சோழனின் படை வந்த கடாரம் இந்தக் கெடாதான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. பால்மரம் சீவ நம் தாத்தாக்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கரைக்குத் தமிழர் வந்திருக்கிறார்கள்.

அடுத்து தஞ்சோங் டாவாய். மெர்போக் ஆறு கடலில் கலக்கும் மீனவர் ஊர். நெத்திலியும் கருவாடும் வெயிலில் காய்கின்றன. சிறு படகில் ஆற்றைக் கடந்தால் பந்தாய் மெர்டேக்கா. அதற்குத் தெற்கே கோத்தா குவாலா மூடாவில், 2004 டிசம்பர் 26 சுனாமியில் உடைந்த படகுகளை நினைவுச் சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். அன்று மாலை கடல் சாதுவாகத்தான் கிடந்தது.

இருட்டும்போது தோட்டத்துக் கோயிலுக்குப் போனேன். திருவிழாவுக்கான ஒத்திகை. பம்பை, தப்பு, ஜால்ரா, இரண்டு உறுமி. பையன்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். உறுமி மேளம் என்றாலே அடிதடி, குண்டர் கும்பல் என்று பேசுவோர் உண்டு. நான் பார்த்தது, தாளம் தவறினால் பெரியவரிடம் திட்டு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகளைத்தான்.

பெரியவர் சேலையைப் பிரித்ததுமே, "இது உங்கப்பா உறுமியில்ல?" என்றார். தொய்ந்திருந்த வாரை இழுத்துக் கட்டினார். தோலில் எண்ணெய் தடவி, வளைந்த குச்சியை இடப்பக்கம் அழுத்தித் தேய்த்தார். அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஓர் உறுமல். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

திண்ணை ஓரத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். பெரியவரின் பேத்தியாம்.

"மாமா, இதை இங்கேயே விட்டுட்டுப் போறேன். ஆனா அந்தத் தங்கச்சிக்கும் கத்துக் கொடுக்கணும்."

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தோள் வலிக்கும்மா, கனம் தாங்கமாட்டா," என்றார் பெரியவர்.

"நான் தாங்குவேன் தாத்தா," என்றாள் அவள்.

அவர் பதில் சொல்லவில்லை. வாரை மட்டும் அவள் உயரத்துக்குச் சுருக்கிக் கட்டினார்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்தது. வலக்கை அடி சரியாக விழுகிறது. இடக்கை உறுமல் இன்னும் சரியாக வரவில்லை. திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்த முறை அம்மாவும் வருகிறார்.