கேப்டன் கேட்டால் யார் மறுப்பது?

ஹென்றி வில்லியம்ஸ் என்ற பெயர் கிரிக்கெட் வெறியர்களுக்கே நினைவிருக்காது. தென்னாப்பிரிக்காவின் போலண்ட் அணிக்காக ஆடிய வேகப்பந்து வீச்சாளர். நாட்டுக்காக ஆடியது 7 ஒருநாள் போட்டிகள்தான்.

பிறந்தது 1967-இல். நிறவெறி அரசு ‘கலப்பினத்தார்’ என்று முத்திரை குத்தி ஒதுக்கிய சமூகம். பிறப்பை வைத்து ஆளுக்கொரு இடம் ஒதுக்கும் கணக்கு நமக்கும் பழக்கமானதுதானே! அங்கே கிரிக்கெட் வாரியங்கள் ஒன்றானதே 1991-இல்தான். அப்போது அவருக்கு வயது 24.

2000 மார்ச் 19, நாக்பூர். இந்தியாவுடனான ஒருநாள் போட்டிக்கு முன் கேப்டன் ஹான்சி குரோனியே இரண்டு பேரிடம் பேரம் பேசினார். 10 ஓவரில் 50 ரன்னுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று வில்லியம்ஸிடம். 20 ரன்னுக்குள் அவுட்டாக வேண்டும் என்று ஹெர்ஷல் கிப்ஸிடம். ஆளுக்கு 15,000 டாலர். கிப்ஸும் அதே சமூகத்தவர். வெள்ளையரான பீட்டர் ஸ்ட்ரைடம் போன்றோரிடமும் குரோனியே வேறு சமயங்களில் தூண்டில் போட்டதுண்டு. நாக்பூரில் தலையாட்டிய இருவரும் வெள்ளையர் அல்லாதவர்கள்.

தரகரிடம் குரோனியே பேசியது தலைக்கு 25,000 டாலர். மீதி தன் பைக்கு. தப்பு வேலையிலும் கூலி குறைப்பு!

களத்தில் நடந்தது வேறு. கிப்ஸ் 53 பந்தில் 74 ரன் விளாசினார். வில்லியம்ஸ் இரண்டாவது ஓவரை முடிக்கும் முன்பே தோள்பட்டைக் காயத்தோடு வெளியேறினார். தென்னாப்பிரிக்கா 10 ரன்னில் வென்றது. இருவருக்கும் காசு வரவில்லை.

ஏப்ரலில் டெல்லி போலீஸ் தொலைபேசி உரையாடல்களை வெளியிட, ஜூனில் கேப் டவுனில் நீதிபதி கிங் ஆணையம் கூடியது. சாட்சிக் கூண்டில் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஆறு மாதத் தடை, அபராதம். குரோனியேவுக்கு ஆயுள் தடை.

வில்லியம்ஸ் செய்தது சரி என்று நாம் வாதாடவில்லை. ஒப்புக்கொண்டது குற்றம்தான். ஆனால் 32 வயதில், அணியில் இடம் நிரந்தரமில்லாத ஒருவரிடம் கேப்டனே வந்து கேட்கிறார். அந்த அறையில் ‘முடியாது’ என்ற சொல்லுக்கு என்ன விலை என்பது பண்ணையார் முன் நின்று பேசிப் பழகியவர்களுக்குத் தெரியும்.

தடை முடிந்ததும் கிப்ஸ் அணிக்குத் திரும்பி பல ஆண்டுகள் ஆடினார். வில்லியம்ஸுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. குரோனியே 2002-இல் விமான விபத்தில் இறந்தார். 2004-இல் தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சி ஒன்று ‘மாபெரும் தென்னாப்பிரிக்கர்கள்’ யார் என்று மக்களிடம் வாக்கெடுத்தது. குரோனியேவுக்கு 11-ஆவது இடம்.